கப்பி எங்கே போனது? ஒரு மீன் வாடிக் கணக்கில் வடிகட்டி விட்ட பிழை

திருகோணமலையில் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் கடற்கரையோரமாக ஒரு மீன் வாடி இருக்கிறது. விடிய ஐந்து மணியிலிருந்து வள்ளங்கள் கரைக்கு வரும். கூடை கூடையாக மீன் தராசில் ஏறும், இறங்கும், பெட்டிக்குள் போகும். ஒன்பது மணிக்கெல்லாம் கூலர் லொறி புறப்பட்டுவிடும். அந்த வாடியின் நிறுவைக் கணக்கைப் பார்க்கும் நிரலைப் பைதன் என்ற கணினி மொழியில் எழுதியவன் நான். இரண்டு மாதமாக அந்த நிரல் சிலருடைய கூடைகளைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. எப்படி விழுங்கியது, எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன மாற்றினோம் என்பதை விடாமல் எழுதி வைக்கிறேன். உயர்தரத்துக்குப் பைதன் படிக்கும் பிள்ளைக்கும் வரக்கூடிய பிழை இது. பத்து வருடம் நிரல் எழுதியவருக்கும் வரும்.

நடந்தது

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்கும், எங்கள் கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும். திருமலையில் மீன்பாடு கூடிய காலம் அது. வாடியில் வரிசை நீளும். கொப்பியில் எழுதிச் சமாளிக்க முடியவில்லை என்று முதலாளி சொன்னதால், ஏப்ரலில் மின்தராசை ஒரு பழைய மடிக்கணினியோடு இணைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு நிறுவையும் கோப்பில் ஒரு வரியாக விழும்: திகதி, நேரம், வள்ளத்தின் இலக்கம், மீன், நிறை, கழிவு.

கழிவு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பிழை முழுக்க அதைச் சுற்றித்தான். ஐஸ் போட்டு வரும் கூடையில் ஐஸும் தண்ணீரும் சேர்ந்தே நிறுபடும். அதற்காகக் கூடைக்கு ஒரு கிலோ கழிப்பது அந்த வாடியின் வழக்கம். ஐஸ் போடாத கூடைக்குக் கழிவு பூச்சியம். தராசில் நிற்கும் பொடியன் அந்த எண்ணை அடிப்பான். காலையில் கடை திறந்ததும் தராசு சரியா என்று பார்க்க வெறுங்கூடையை ஒன்றிரண்டு தடவை வைத்து எடுப்பான். அந்த வரியில் வள்ள இலக்கமும் இருக்காது, கழிவும் இருக்காது. அவசரத்தில் சில நேரம் உண்மையான கூடைக்கும் கழிவை அடிக்க மறந்துவிடுவான். அப்போதும் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

ஜூன் நடுவில் ஒரு காலை, வயதான ஒரு வள்ளக்காரர் சீட்டைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"தம்பி, நான் ஏழு கூடை இறக்கினனான். சீட்டில அஞ்சுதான் கிடக்கு."

பொடியனைக் கேட்டேன். ஏழும் நிறுத்தது நினைவிருக்கிறது என்றான். கோப்பைத் திறந்தேன், அவருடைய இலக்கத்தில் ஏழு வரிகள் இருந்தன. ஆகவே தராசில் பிழையில்லை, பொடியனில் பிழையில்லை, கோப்பிலும் பிழையில்லை. சீட்டை அச்சிடுவது மட்டும்தான் மிச்சம். அது என் வேலை.

காணாமல் போனவை கீரி மீன் கூடைகள் இரண்டு. 18.4 கிலோ, 21.0 கிலோ. மொத்தம் 39.4 கிலோ. ஒரு சின்ன வள்ளத்துக்கு அது சின்ன விசயமில்லை. நான் வரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரே ஒரு வார்த்தை சொன்னார்: "அந்த ரெண்டும் கரையோரமா விடியப் பிடிச்சது. ஐஸ் போடேல்ல." வழி அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

கேள்வி எங்கே பிழைத்தது

நிரலில் இந்த வேலையைச் செய்த வரி ஒன்றுதான். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்:

ஃபில்டர்(லம்டா ப: ப.கழிவு, பதிவுகள்)

ஃபில்டர் என்பது பைதனின் வடிகட்டி. அதற்கு இரண்டு உள்ளீடு கொடுக்க வேண்டும். ஒன்று, பிரெடிக்கேட் என்று சொல்லும் கேள்விச் செயற்கூறு. மேலே லம்டா என்று பெயர் வைக்காமல் எழுதியிருப்பது அதுதான். ஒரு பெறுமானத்தை வாங்கி ஆம் அல்லது இல்லை என்று பதில் தருவது அதன் வேலை. மற்றது, பெறுமானங்களை ஒவ்வொன்றாகத் தரும் பட்டியல் அல்லது இட்டரேட்டர். ஆம் என்றவை உள்ளே போகும், இல்லை என்றவை விழுந்துவிடும்.

இங்கே என் கேள்வி என்ன? "கழிவு பதிந்திருக்கிறதா?" என்று கேட்பதாக நான் நினைத்தேன். வெறுங்கூடை வரியில் கழிவு வெறுமை, அதனால் அது விழுந்துவிடும், வேலை முடிந்தது என்பது என் கணக்கு. ஆனால் நான் உண்மையில் கேட்டது "கழிவின் பெறுமானம் மெய்யா?" என்று. பைதனில் பிரெடிக்கேட் ட்ரூ, ஃபோல்ஸ் என்று மட்டும்தான் பதில் தர வேண்டும் என்றில்லை. எதைத் தந்தாலும் ஃபில்டர் அதை மெய்யா பொய்யா என்று பார்த்துக்கொள்ளும். அந்தப் பார்வையில் 'நன்' என்ற வெறுமை பொய், வெற்றுச் சொற்சரம் (எழுத்துத் தொடர்) பொய், வெற்றுப் பட்டியல் பொய், பூச்சியமும் பொய். ஐஸ் போடாத கூடையின் கழிவு 0.0. அது உண்மையான, சரியான, பொடியன் கவனமாக அடித்த பதில். என் வரி அதையும் வெறுமையையும் ஒரே குவியலில் தள்ளியது.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தேன். ஏப்ரலில் முதல் தடவை ஓட்டியபோது கோப்பிலிருந்து வந்தவை எல்லாம் சொற்சரங்கள். "0" என்ற சொற்சரம் வெறுமையில்லை, ஓர் எழுத்து உள்ளது. ஆகவே பைதனுக்கு அது மெய். பூச்சியக் கழிவுக் கூடைகள் அழகாக உள்ளே வந்தன, வெறுமை மட்டும் விழுந்தது. சரி என்று விட்டுவிட்டேன். ஒரு கிழமை கழித்து, கழிக்கும் கணக்குக்காக அந்த இடத்தை எண்ணாக மாற்றும் வரியைச் சேர்த்தேன். அந்த நொடியில் "0" பூச்சியமானது, மெய் பொய்யானது. ஃபில்டர் வரியை நான் தொடவே இல்லை. தொடாத வரியை மறுபடி சோதிக்க யாருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை.

இது பைதனுக்கு மட்டும் உரிய குணமில்லை. ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலைத் துப்புரவாக்க ஃபில்டருக்குள் பூலியன் என்று போடுவது பலருக்குக் கைப்பழக்கம். அங்கேயும் பூச்சியம் விழும், "0" என்ற சொற்சரம் தப்பும். அதேநேரம், எக்செல் தாளைப் பாண்டாஸ் நூலகத்தால் படிப்பவர்களுக்கு நேர்மாறான சங்கடம் காத்திருக்கிறது. எண்கள் உள்ள நெடுவரிசையில் வெறுங்கட்டம் அங்கே 'நான்' எனப்படும் எண்ணல்லாத பெறுமானமாக வரும், அது பைதனில் மெய். வெறுமையை விழுத்த நினைத்தால் அது விழாது.

சரியான கேள்வி இப்படி இருந்திருக்க வேண்டும்:

ஃபில்டர்(லம்டா ப: ப.கழிவு இஸ் நொட் நன், பதிவுகள்)

என்றாலும், திருத்தத்தை இந்த இடத்தில் நிறுத்தினால் போதாது என்று எனக்குப் பட்டது. அன்றைய கோப்பில் மொத்தம் 96 வரிகள். சீட்டுகளில் ஏறியவை 80. விழுந்த 16இல் வெறுங்கூடை 2, பூச்சியக் கழிவு 11, கழிவு அடிக்க மறந்தவை 3. அந்த மூன்றும் உண்மையான மீன், உண்மையான வள்ளங்களுடையவை. மேலே உள்ள சரியான கேள்வியும் அந்த மூன்றை விழுத்தத்தான் செய்யும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. விழுந்த 11 கூடைகளும் யாருடையவை என்று பார்த்தேன். பெரிய படகுகள் எல்லாம் ஐஸோடு போய் ஐஸோடு வருபவை. அவர்களுக்கு ஒரு கூடையும் குறையவில்லை. குறைந்தது கரையோரம் தொழில் செய்து, விடியப் பிடித்ததை விடியவே கொண்டுவரும் சின்ன வள்ளக்காரருக்கு. ஒரு பிரெடிக்கேட் பிழைத்தால் இழப்பு எல்லோருக்கும் சமமாகப் போவதில்லை. அந்தக் கேள்வி யாரைத் தவறாகப் பிடிக்கிறதோ அவர்கள்மேல் நாள்தோறும் விழும். அதனால்தான் நாளின் மொத்தத் தொகை பெரிதாக ஆடவில்லை, முதலாளிக்கும் சந்தேகம் வரவில்லை.

பார்க்கப் போய்க் குறைந்தது

இதைக் கண்டுபிடிப்பதற்கு முன் ஒரு மணிநேரம் வேறு திசையில் போனேன். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இட்டரேட்டரின் குணம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

ஃபில்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, முதல் பத்தை அச்சிடும் ஒரு சின்ன மடக்கை (லூப்) சேர்த்தேன். பத்தும் திரையில் வந்தன. அதன்பின் வந்த மொத்தம் முந்தியதைவிடக் குறைந்திருந்தது. அச்சிடுவதை ஐந்தாகக் குறைத்தேன், மொத்தம் கொஞ்சம் கூடியது. எத்தனை உண்டு என்று நீளம் கேட்டால், ஃபில்டர் பொருளுக்கு நீளமே இல்லை என்று பிழைச் செய்தி.

பட்டியல் என்றால் கரையில் அடுக்கி வைத்த கூடைகள். எத்தனை தடவையும் போய் எண்ணலாம். இட்டரேட்டர் அப்படியில்லை. அது வள்ளத்துக்குள் நிற்கும் ஆள். "அடுத்தது" என்று கேட்டால் ஒரு கூடையைத் தூக்கித் தருவான், தந்ததைத் திருப்பி வாங்க மாட்டான். ஃபில்டர் அவனுக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கிறது. நீங்கள் கேட்கும்வரை அது ஒரு கூடையையும் தொடாது. கேட்டதும் வாங்கும், கேள்வியைக் கேட்கும், ஆம் என்றால் உங்களிடம் தரும், இல்லை என்றால் கடலில் போட்டுவிட்டு அடுத்ததை வாங்கும். நான் பத்தை வாங்கி அச்சிட்டுவிட்டேன், கூட்டலுக்கு மிஞ்சியதுதான் போனது.

பைதன் 2இல் ஃபில்டருக்குப் பட்டியலைக் கொடுத்தால் பட்டியலையே திருப்பித் தரும். 2008 டிசம்பரில் வந்த பைதன் 3இலிருந்து அது இட்டரேட்டரைத் தருகிறது. பெரிய கோப்புகளுக்கு நினைவகம் மிச்சம், அது நல்லதுதான். ஆனால் பழைய எடுத்துக்காட்டைப் பார்த்துப் பழகியவர் இந்த இடத்தில் தடுக்கி விழுவார். ஜாவாவில் ஸ்ட்ரீம் ஒன்றை இரண்டாம் தடவை தொட்டால் உடனே பிழை எறியும். பைதனின் இட்டரேட்டர் ஒன்றும் சொல்லாது. முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லும், மொத்தம் பூச்சியம் என்று வரும். எனக்கு ஜாவாவின் வழிதான் பிடித்திருக்கிறது.

கப்பி

அன்றிரவு வீட்டில் அம்மா மா இடித்து அரித்துக்கொண்டிருந்தார். அரிதட்டில் ஒரு பிடி மா போட்டு அசைப்பார். நல்ல மா கீழே தாளில் விழும். தட்டில் மாவாகாத கப்பி மிஞ்சும். அதை அவர் எறியவில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சேர்த்தார். கடைசியில் கிண்ணத்தைப் பார்த்து, "இண்டைக்குக் கப்பி கூட, அரிசி சரியா ஊறேல்ல" என்று சொல்லிவிட்டு அதை மறுபடி உரலில் போட்டார்.

என் நிரலில் கிண்ணம் இல்லை. தேறியதை மட்டும் வைத்திருந்தது. எத்தனை விழுந்தன, எவை விழுந்தன, ஏன் விழுந்தன என்று கேட்க ஓர் இடமே அதில் இருக்கவில்லை.

மறுநாள் கிண்ணம் வைக்கப் பார்த்தேன். பைதனின் இட்டர்டூல்ஸ் தொகுப்பில் ஃபில்டர்ஃபோல்ஸ் என்று ஒன்று உண்டு. ஃபில்டருக்கு நேர்மாறு, இல்லை என்றவற்றைத் தரும். ஒரே பதிவுகளுக்கு இரண்டையும் போட்டேன். ஃபில்டர் எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டது, ஃபில்டர்ஃபோல்ஸுக்கு வெறும் வள்ளம். டீ என்ற செயற்கூறு ஓர் இட்டரேட்டரை இரண்டாகப் பிரித்துத் தரும்தான். ஆனால் ஒரு பக்கத்தை முழுதாக எடுத்த பிறகே மறுபக்கத்தைத் தொடுவதென்றால், இடையில் எல்லாவற்றையும் அது நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பட்டியலே மேல். நாளுக்கு நூறு வரிக்கு நினைவகம் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆகவே மடக்கு ஒன்று, பட்டியல் மூன்று என்று எழுதினேன். லம்டாவை எடுத்துவிட்டுக் கேள்விகளுக்குப் பெயர் வைத்தேன். பைதன் 3 தமிழ்ப் பெயர்களை மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் ஏற்கும். முதல் கேள்வி வெறுங்கூடையா: வள்ள இலக்கம் வெறுமையென்றால் ஆம். இரண்டாவது கழிவு_பதியவில்லையா: கழிவு நன் என்றால் ஆம். முதலாவதுக்கு ஆம் என்றால் சோதனைப் பட்டியல். இரண்டாவதுக்கு ஆம் என்றால் கேட்கவேண்டியவை. இரண்டுக்கும் இல்லை என்றால்தான் சீட்டு. முடிவில் மூன்றின் எண்ணிக்கையும் சேர்ந்து கோப்பில் படித்த வரிகளுக்குச் சமமா என்று நிரல் பார்க்கும். சமமில்லையென்றால் சீட்டு அச்சாகாது. அதே நாளின் கோப்பை மறுபடி ஓட்டினேன்: சீட்டுக்கு 91, சோதனை 2, கேட்கவேண்டியவை 3. மொத்தம் 96.

பெயர் வைத்ததில் எனக்குக் கிடைத்த பெரிய பயன், கேள்வியை வாய்விட்டு வாசிக்க முடிந்ததுதான். "லம்டா ப: ப.கழிவு" என்பதை யாரிடமும் வாசித்துக் காட்ட முடியாது. "கழிவு பதியவில்லையா?" என்று பொடியனிடமே கேட்டேன். "பூச்சியம் அடிச்சா பதிஞ்சதுதானே அண்ணா" என்றான்.

மாத முடிவில் இன்னொன்று

சீட்டு சரியாகிவிட்டது. ஜூன் முடிவில் மாதக் கணக்கை ஓட்டினேன். 18ஆம் திகதி வரை எல்லாம் சரி. 19ஆம் திகதி அரைவாசி. 20இலிருந்து மாதம் முடியும்வரை ஒவ்வொரு நாளும் பூச்சியம்.

மாதக் கணக்கு வேறு நிரல். மாதக் கோப்பு முழுவதையும் ஒரே இட்டரேட்டராகத் திறந்து, நாளுக்கு நாள் டேக்வைல் போட்டு எடுப்பதாக எழுதியிருந்தேன்: திகதி இன்றைய திகதியாக இருக்கும்வரை எடு. ஃபில்டரும் டேக்வைலும் ஒரே மாதிரிக் கேள்வியைத்தான் வாங்கும், ஆனால் குணம் வேறு. ஃபில்டர் இல்லை என்று வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கும். டேக்வைல் முதல் இல்லையிலேயே நின்றுவிடும்.

19ஆம் திகதி காலையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. தராசின் மணிக்கூட்டுக்குள் இருக்கும் சின்ன பற்றரி செத்துப்போயிருந்ததால், திகதி 2000 ஜனவரி 1க்குத் திரும்பிவிட்டது. பொடியன் கவனித்துத் திருத்துவதற்குள் மூன்று கூடைகள் அந்தத் திகதியில் பதிந்துவிட்டன. டேக்வைல் முதலாவதைக் கண்டதும் நின்றது. அடுத்த நாளுக்கான டேக்வைல் இரண்டாவதைக் கண்டதும் நின்றது, அதற்கடுத்தது மூன்றாவதில். பிறகு 19ஆம் திகதியின் மிச்ச வரிகளில் நாளுக்கு ஒன்றாக முட்டி முட்டி மாதம் முடிந்தது.

ஏன் நாளுக்கு ஒன்று? இங்கேதான் அதுவரை ஒளிந்திருந்த பிழை வெளியே வந்தது. டேக்வைல் நிற்பதற்குக் காரணமான பெறுமானத்தை வள்ளத்திலிருந்து வாங்கித்தான் பார்க்கிறது. வாங்கியதைத் திருப்பி வைக்க வழியில்லை. அது உங்களுக்கும் வராது, அடுத்தவருக்கும் கிடைக்காது. அப்படியென்றால் தராசு நன்றாக இருந்த நாட்களிலும், முதல் நாள் தவிர மற்ற ஒவ்வொரு நாளின் முதல் வரியையும் முந்திய நாளின் டேக்வைல் தின்றிருக்க வேண்டும். பார்த்தேன், அப்படியேதான். யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், ஒவ்வொரு நாளும் முதல் வரி வெறுங்கூடை. விழ வேண்டியதே விழுந்துகொண்டிருந்தது.

ஒரு நாளைத் தவிர. மே மாதத்தில் ஒரு காலை பொடியன் பிந்தி வந்து, வெறுங்கூடை வைக்காமலே தொடங்கியிருக்கிறான். அன்று முதலில் நின்ற வள்ளத்தின் ஒரு பாரைக் கூடை மாதக் கணக்கில் இல்லை.

இந்தத் திருத்தம் சிறியது. டேக்வைலை எடுத்துவிட்டு, வரிகளைத் திகதிவாரியாக ஒரு பைதன் அகராதியில் (ஒவ்வொரு திகதிக்கும் ஓர் இடம்) சேர்த்தேன். அந்த மாதத்துக்கு உரியதல்லாத திகதி வந்தால் அந்த வரி கேட்கவேண்டியவைக்குப் போகும். தராசுக்குப் புதுப் பற்றரி போட்டோம்.

பிறகு

ஏப்ரல் தொடக்கம் எல்லாக் கோப்புகளையும் புதிய நிரலில் ஓட்டினோம். மூலக் கோப்பை ஒருநாளும் அழிக்காமல் வைத்திருந்ததால் ஒரு வரியும் தொலையவில்லை, வடிகட்டி தள்ளியவை எல்லாம் அங்கேயே இருந்தன. வள்ளம் வள்ளமாகக் குறைந்த நிறையை எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். அவர் பட்டியலை இரண்டு தடவை வாசித்தார், பிறகு ஆட்களைக் கூப்பிட்டு அந்தக் கிழமையே காசைக் கொடுத்தார். கழிவு அடிக்க மறந்திருந்த கூடைகளுக்கு அந்தந்த வள்ளக்காரரையே கேட்டு எழுதினோம்.

இப்போது ஒவ்வொரு சீட்டின் அடியிலும் இரண்டு வரி கூடுதலாக அச்சாகிறது. இறக்கிய கூடை எத்தனை, கேட்கவேண்டியவை எத்தனை. ஓகஸ்ட் தொடக்கத்தில் அந்தப் பெரியவருடைய சீட்டில் கேட்கவேண்டியது ஒன்று என்று இருந்தது. சூரைக் கூடை, 23 கிலோ, கழிவு வெறுமை. அவர் சீட்டைக் கீழிருந்து மேலாக வாசித்துவிட்டுத் தராசடிக்கு வந்தார்.

"இது ஐஸ் போட்டது தம்பி," என்றார். "ஒரு கிலோ கழியுங்கோ."